அடுத்த காப்பி மாநாடு அடிஸ்லதான் நடக்கணும் சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, சித்திக்கு முட்டிவலி பரவாயில்லையா, தம்பி ஒழுங்கா காலேஜ் போறானா. நான் இங்க எத்தியோப்பியா தலைநகர் அடிஸ் அபாபால சௌக்கியமா இருக்கேன். போன்ல பேசலாம்னா நெட் விட்டு விட்டு வருது, பாதி பேச்சு காத்தோட போயிடுது, அதான் உக்காந்து நிதானமா டைப் பண்றேன், தம்பிகிட்ட சொல்லி பிரிண்ட் எடுத்து படிங்க.

ஊர் நல்லா பழகிடுச்சு. 2,300 மீட்டருக்கு மேல இருக்கற ஊரு, வந்த புதுசுல ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், இப்ப அது இல்ல. சாப்பாடு பத்தி நீங்க பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல, இங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன் வெள்ளி விரதம், அன்னிக்கு கறி முட்டை பால் எதையும் தொடமாட்டாங்க, அதனால எந்த ஹோட்டலுக்கு போனாலும் இஞ்செராங்கற புளிச்ச தோசை மாதிரி ஒண்ணு மேல பருப்பு, கீரை, பீட்ரூட், உருளைக்கிழங்குன்னு வரிசையா வெச்சு ஒரு பெரிய தட்டு வந்துடும், நமக்கு அது போதும். மணிக்கணக்குதான் கொஞ்ச நாள் படுத்துச்சு, நம்ம கணக்குல காலை 7 மணின்னா இவங்க கணக்குல 1 மணி, பொழுது விடிஞ்சதுலேருந்து எண்ணுவாங்க, வருஷத்துக்கு 13 மாசம், புது வருஷம் செப்டம்பர்ல. இப்பல்லாம் யாராவது மீட்டிங்னு சொன்னா உங்க மணியா எங்க மணியான்னு கேட்டுட்டுதான் குறிச்சுக்கறேன்.

இப்ப எழுத உக்காந்ததுக்கு காரணம் வேற. எங்க காப்பி எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல நான் கணக்கு மட்டும்தான் பாக்குறேன்னு உங்களுக்கு தெரியும், ஆனா போன மாசம் மேனேஜர் கூப்பிட்டு, அடுத்து ஒரு பெரிய சர்வதேச காப்பி மாநாடு எத்தியோப்பியாவுக்கு வரணும்னு ஏற்றுமதிக்காரங்க எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கோம், அதுக்கு ஒரு நோட் தயார் பண்ணணும், விவரம் எல்லாம் நீ திரட்டிக் குடுன்னாங்க. நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன். அதுல அடங்காதது நிறைய இருக்கு, காப்பித் தோட்டம் வெச்சிருக்கற உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது.

மொதல்ல எல்லாரும் கேக்கற கேள்வி, இங்கதான் ஏற்கெனவே நடந்துடுச்சே, மறுபடி எதுக்குன்னு. வாஸ்தவம். லண்டன்ல இருக்கற சர்வதேச காப்பி அமைப்பு உலக காப்பி மாநாடுன்னு ஒண்ணு நடத்துது, 2001-ல லண்டன், 2005-ல பிரேசில், 2010-ல குவாத்தமாலா, 2016-ல அடிஸ், அப்புறம் 2023-ல நம்ம பெங்களூர், அதுக்குதான் நீங்க போக ஆசப்பட்டு தோட்டத்துல ஆள் இல்லாம நின்னுட்டீங்க. அந்த வரைக்கும் நியாயமா விளையற நாடுகளுக்கும் வந்திருக்கு, நான் இல்லேங்கல. ஆனா 2016-ல வந்தவங்க பாத்த எத்தியோப்பியா வேற சித்தப்பா. அப்ப காப்பி பெரும்பாலும் இங்க இருக்கற கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச்ங்கற விளைபொருள் சந்தை வழியாத்தான் போகணும். 2008-ல ஆரம்பிச்சது அது, விவசாயிக்கு மார்க்கெட் விலை தெரியட்டும், வியாபாரி ஏமாத்தாம இருக்கட்டும்னு நல்லதுக்குதான் வந்துச்சு, விலையும் வெளிய தெரிஞ்சுது. ஆனா மூட்டை எல்லாம் தரம் வாரியா ஒண்ணா கலந்துடும், இது எந்த ஊர் பழத்தோட தோலை உரிக்கற எந்த பல்பிங் ஸ்டேஷன் காப்பின்னு வாங்கறவனுக்கு தெரியாமப் போயிடும். கூட்டுறவு சங்கங்களுக்கும் சொந்தமா பெரிய தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கும்தான் நேரா விக்க வழி. 2017-க்கு அப்புறம் விதி மாறி, லைசன்ஸ் வாங்கினா சின்ன விவசாயியே ஏற்றுமதி பண்ணலாம்னு ஆச்சு. இன்னிக்கு மாநாட்டுக்கு வர்ற ஒரு ஜப்பான்காரரோ ஜெர்மன்காரரோ மலைக்கு போயி, இந்த ஆள் காயவெச்ச காப்பிதான் எனக்கு வேணும்னு கைகுடுத்துட்டு வரலாம். 2016-ல அத பண்ணியிருக்க முடியாது, இந்த ஒரு காரணமே போதும்னு எனக்கு தோணுது.

ரெண்டாவது, விசா. இதுதான் எனக்கு வயிறு எரியுது. காப்பி வியாபாரம் நிஜமா நடக்கற கண்காட்சி, போட்டி எல்லாம் அதிகமா ஐரோப்பா அமெரிக்கா பக்கம்தான். காப்பி போட்டுக் குடுக்கறவங்களுக்கான உலக பரிஸ்டா போட்டி 2000-ல ஆரம்பிச்சுது, முதன்முதலா காப்பி விளையற ஒரு நாட்டுக்கு அது வந்தது 2011-ல, கொலம்பியா போகோட்டாவுக்கு. எங்களுக்கு காப்பி தர்ற ஒரு கூட்டுறவு சங்கத்துல கப்பிங், அதாவது காப்பிய ருசி பாத்து தரம் சொல்ற வேலை பண்ற பையன் ஒருத்தன் இருக்கான், நாக்கு அப்படி ஒரு நாக்கு, கண்ண மூடிட்டு இது தோலுரிச்சு கழுவி காயவெச்ச வாஷ்டு, இது பழத்தோட காயவெச்ச நேச்சுரல், இது மழையில நனைஞ்சுதுன்னு சொல்லிடுவான். ஐரோப்பால ஒரு கண்காட்சிக்கு அவனுக்கு அழைப்பு வந்துச்சு, லெட்டர், ஹோட்டல் புக்கிங், டிக்கெட், பேங்க் ஸ்டேட்மென்ட் அத்தனையும் நான்தான் ஃபைல் போட்டு குடுத்தேன். எம்பஸில விசா இல்லேன்னுட்டாங்க, நீ திரும்பி வருவேங்கற நம்பிக்கை எங்களுக்கு இல்லேன்னு ஒரே வரி. அவன் காப்பி மட்டும் போச்சு, அவன் போகல. அங்க ஸ்டால்ல அவன் காப்பிய வேற யாரோ ஊத்திக் குடுத்து வேற யாரோ கதை சொன்னாங்க. மாநாடு அடிஸ்ல நடந்தா அவன் தென்மேற்குல இருக்கற ஜிம்மா ஊர்லேருந்து பஸ் ஏறி வந்துடுவான், 350 கிலோமீட்டர்தான். வெளிநாட்டுக்காரங்களுக்கும் கஷ்டம் இல்ல, ஆன்லைன்லயே விசா அப்ளை பண்ணலாம், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் ஆப்பிரிக்கா பூரா பறக்குது, பிரேசில் சாவோ பாலோலேருந்தும் நம்ம பக்கத்துலேருந்தும் வரலாம். உகாண்டாக்காரனும் ருவாண்டாக்காரனும் பாரிஸ் சுத்தி வர வேண்டியதில்ல.

நடத்தற தெம்பு இருக்கான்னு கேட்டா, ஆப்பிரிக்க யூனியன் தலைமை ஆபீசே இங்கதான். வருஷா வருஷம் பிப்ரவரில அத்தனை நாட்டுத் தலைவர்களும் வந்து இறங்கறாங்க, அந்த ஒரு வாரம் ஏர்போர்ட் போற 'போலே'ங்கற ரோட்டுல வண்டி எடுக்கவே முடியாது. ஆப்பிரிக்கா ஹால்னு 1961-ல கட்டின அழகான கட்டடம் ஒண்ணு இருக்கு, 1963-ல ஆப்பிரிக்க நாடுகள் ஒண்ணு சேர்ந்து அமைப்பு ஆரம்பிச்சது அங்கதான். லண்டன்ல காப்பி அமைப்பு ஆரம்பிச்சதும் அதே 1963 தான், அத நோட்ல மொத பக்கத்துலயே போட்டேன், மேனேஜருக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு.

ஆனா ஹால் எந்த ஊர்லயும் கிடைக்கும். இங்க மாதிரி காப்பி குடிக்கறது வேற எங்கயும் கிடைக்காது. விளையறதுல ஏறக்குறைய பாதிய இவங்களே குடிச்சிடறாங்க சித்தப்பா, ஆப்பிரிக்காவுலயே அதிகமா விளையறதும் இங்கதான். எங்க ஆபீஸ்ல மத்தியானம் ஒரு அக்கா வந்து தரையில பச்சைப் புல்ல பரப்பி, கரி அடுப்ப பத்தவெச்சு, பச்சைக் கொட்டைய தண்ணில தேச்சு தேச்சு கழுவி, தட்டையான சட்டில போட்டு வறுப்பாங்க. கொட்டை படபடன்னு வெடிச்சு எண்ணெய் மினுங்கும்போது அந்த சட்டிய அப்படியே தூக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் வருவாங்க, நாம கையால புகைய முகத்துக்கு இழுத்து மோந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லணும். அப்புறம் உரல்ல இடிச்சு, ஜபனாங்கற கழுத்து நீண்ட மண் குடுவைல கொதிக்கவெச்சு, கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணத்துல மேலேருந்து ஒரே ஒழுக்கா ஊத்துவாங்க, பக்கத்துல சாம்பிராணி புகையும், தட்டுல பாப்கார்ன். மூணு ரவுண்டு உண்டு, அபோல், தோனா, பரகா, மூணாவது குடிக்காம எழுந்திரிச்சா மனசு கஷ்டப்படுவாங்க. சில பேர் சர்க்கரை போடுவாங்க, சில ஊர்ல உப்பு, ஒரு வகை இலையையும் கிள்ளிப் போடுவாங்க. அந்த நேரத்துல பாஸும் டிரைவரும் ஒரே மாதிரி முக்காலில உக்காந்து வீட்டு விஷயம் பேசுவாங்க. வாங்கறவங்க ஒருத்தர் விடாம இப்படி உக்காந்து மூணு ரவுண்டு குடிச்சுட்டு அதுக்கப்புறம் விலை பேசட்டுமே.

விலைன்னதும் ஞாபகம் வருது, 2025 பிப்ரவரில நியூயார்க்ல அரபிகா பவுண்டுக்கு 4 டாலர தாண்டுச்சு, நீங்களும் போன்ல சந்தோஷமா சொன்னீங்க. இங்க கிராமத்துல ஃபெரசுலான்னு 17 கிலோ கணக்குல விக்கறவங்களுக்கு அதுல எவ்வளவு வந்து சேர்ந்துச்சுன்னு கேக்க ஒரு மேடை வேணும். ஐரோப்பாவுல 2023-ல ஒரு சட்டம் போட்டாங்க, காடு அழிச்ச நிலத்துல விளையாத காப்பின்னு ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளியோட காட்டணும்னு, தேதி மட்டும் தள்ளிப் போயிட்டே இருக்கு. நோக்கம் சரிதான், காட்ட காப்பாத்தணும்தான். ஆனா இங்க முக்கால்வாசி பேருக்கு ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர்கூட முழுசா இல்ல, வீட்டுப் பின்னாடி என்செட் வாழை நடுவுல நாப்பது அம்பது செடி, இன்னும் சில பேர் காட்டுக்குள்ள நிழல்ல தானா முளைச்ச செடிலேருந்து பறிக்கறவங்க. அந்தக் காட்டுச் செடிக்கு புள்ளி எங்க குத்தறது? இத சட்டம் எழுதினவங்க இங்க தென்மேற்குல இருக்கற கஃபா காட்டுக்குள்ள வந்து நின்னு பேசணும், 2010-லயே யுனெஸ்கோ உயிர்க்கோள காப்பகமா அறிவிச்ச காடு அது, அரபிகா காப்பிக்கு பொறந்த வீடு அந்தப் பக்கம்தான்.

அந்தக் காடு பத்தி இன்னொண்ணு. பனாமால கெய்ஷான்னு ஒரு ரகம், ஏலத்துல எக்கச்சக்க விலைக்கு போகுதே, அதோட விதை 1930-கள்ல இந்த தென்மேற்கு எத்தியோப்பியா காட்டுலேருந்து எடுத்துட்டு போனது. பேர் வாங்கினது பனாமா, 2004-க்கு அப்புறம். நான் பனாமாக்காரங்கள குறை சொல்லல, அவங்க உழைச்சு வளத்தாங்க. ஆனா இங்க அந்த மாதிரி இன்னும் எத்தனை ரகம் பேரே இல்லாம கெடக்கோ, அதுக்குள்ள சூடு ஏறிட்டே போகுது, 2017-ல கியூ தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் சேர்ந்து சொன்ன ஆய்வுல இப்ப காப்பி விளையற நிலத்துல 39-லேருந்து 59 சதவீதம் வரைக்கும் இந்த நூற்றாண்டுக்குள்ள காப்பிக்கு ஆகாமப் போகலாம்னு போட்டிருக்காங்க, மேட்டுப் பக்கம் ஏத்தி நட்டாத்தான் தப்பிக்கலாமாம். உலகத்துல நாளைக்கு எந்த நோய் வந்தாலும் தாங்கற ஜீன் தேடி இங்கதான் வரணும். அதனால காட்ட காக்கற காச யார் குடுக்கறதுங்கற பேச்சும் இங்கயே நடக்கட்டும். பேருக்காகவும் இந்த நாடு போராடியிருக்கு தெரியுமா, இங்க காப்பி விளையற சிடாமோ, ஹரார், யிர்கசெஃபேங்கற இடங்களோட பேர்கள அமெரிக்காவுல டிரேட்மார்க் வாங்க போயி, ஸ்டார்பக்ஸோட பெரிய இழுபறி ஆகி, 2007-ல ஒப்பந்தம் போட்டு முடிஞ்சுது. ஏழை நாடு விடாம நின்னுச்சேன்னு படிக்கும்போதே பெருமையா இருந்துச்சு.

குறையும் எழுதணும்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். ஒரோமியா, அம்ஹாரா பக்கம் சில இடத்துல இன்னும் சண்டை ஓயல, தோட்டம் பாக்க எந்த ரூட்ல கூட்டிட்டுப் போறதுன்னு பாத்துதான் முடிவு பண்ணணும். நெட் நிக்கும், கரன்ட் போகும், இந்த நாட்டுக் காசு பிர்ரோட மதிப்ப 2024 ஜூலைல மார்க்கெட்டே முடிவு பண்ணட்டும்னு விட்டதுலேருந்து அது இறங்கினதுல ஹோட்டல் கணக்கெல்லாம் தலைகீழா ஆச்சு. இதெல்லாம் மறைச்சா வந்தவன் மொத நாளே கண்டுபிடிச்சிடுவான். மேனேஜர் யோசிச்சாங்க, அப்புறம் ஒரு பக்கம் பூரா அதுக்கே விட்டாங்க.

நோட் இன்னும் மேல போகல, ஏற்றுமதிக்காரங்க சங்கத்துல படிச்சுட்டு இருக்காங்க. எப்ப முடிவாகும்னு சொல்ல முடியாது, ஆனா ஆச்சுன்னா நீங்க கண்டிப்பா வரணும், இந்த தடவ ஆள் இல்ல பேர் இல்லன்னு சொல்லக்கூடாது, தம்பி பாத்துக்கட்டும். பாஸ்போர்ட் முடிஞ்சிருக்கும், இப்பவே ரினியூவலுக்கு குடுத்து வைங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒண்ணு போட்டு அந்த கார்டையும் வாங்கிடுங்க, இங்கேருந்து திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல கேப்பாங்க, கிளம்பறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். வரும்போது உங்க தோட்டத்து பச்சைக் கொட்டை ஒரு கிலோ எடுத்துட்டு வரலாமான்னு இங்க கஸ்டம்ஸ்ல கேட்டு எழுதறேன், அந்த கப்பிங் பையன் உங்க காப்பிய குடிச்சுப் பாக்கணும்னு இப்பவே கேட்டுட்டு இருக்கான்.

சித்திய கேட்டதா சொல்லுங்க.

உங்க அன்பு மக