உபவாசமும் கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பான வாழ்த்துகள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தையொட்டித் தங்கள் இதழில் வெளிவந்த உபவாசம் பற்றிய கட்டுரையை வாசித்தேன். புலால் தவிர்ப்பதையும், ஒருவேளை உணவை விட்டு அந்தப் பணத்தைக் காணிக்கையாகச் சேர்ப்பதையும் கட்டுரையாளர் நன்றாக எடுத்துச் சொல்லியிருந்தார். ஆயினும் வேதாகமத்தின் ஏசாயா 58ஆம் அதிகாரம் அதில் இடம்பெறாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. நுகத்தடியின் கட்டுகளை அவிழ்ப்பதும், நெருக்கப்பட்டவர்களை விடுவிப்பதும், பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதுமே தாம் தெரிந்தெடுத்த உபவாசம் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். அந்த நெருக்கப்பட்டவர்களைத் தேடி நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரும், தென்னையில் ஏறுகிறவரும், நம் ஆலயத்துக்குக் கல் சுமக்கிறவரும் நமக்கு மிக அருகில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். வாரக் கூலிக்கு வேலை செய்யும் பெண் சனிக்கிழமை மாலை வாசற்படியில் வந்து நிற்கிறார். உள்ளே குடும்ப ஜெபம் நடக்கிறது. ஜெபம் முடிந்து வெளியே வரும் வீட்டம்மா, சில்லறை இல்லை என்றும், நாளை ஓய்வுநாள் என்பதால் திங்கட்கிழமை வரும்படியும் சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தப் பெண்ணின் வீட்டில் ஞாயிறன்று அடுப்பு எரிவது அந்தப் பணத்தை நம்பித்தான். ஓய்வுநாளை ஆசரிப்பதாக நினைத்துக்கொண்டே, ஏழையான கூலிக்காரனுக்கு அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுது போகுமுன், கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் கட்டளையை நாம் மீறிவிடுகிறோம். அதே இடத்தில், அவன் உன் சகோதரனானாலும் உன் வாசல்களில் இருக்கிற அந்நியனானாலும் என்று சேர்த்தே சொல்லப்பட்டிருப்பதைப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே கட்டட வேலை செய்கிறவர்களை வைத்து நாம் வாசிக்க வேண்டும்.

கடைசியில் வந்தவருக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமானைப் பற்றி இயேசு சொன்ன திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையைக் கிருபைக்கு விளக்கமாகப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அது சரியே. ஆனால் அந்த எஜமானும் சாயங்காலமானதும் வேலையாட்களை அழைத்துக் கூலி கொடுக்கச் சொல்கிறார். மறுநாள் வரச் சொல்லவில்லை. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியதும் விசுவாசிகள் வாசிக்கும்படியாகத்தான்.

இது திருநெல்வேலித் திருச்சபைக்குப் புதிய பாடமும் அல்ல. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர், ஊரைவிட்டு விரட்டப்பட்ட விசுவாசிகள் குடியிருக்க நிலம் வாங்கிக்கொடுக்கத் தர்ம சங்கம் தொடங்கினார். ஞானஸ்நானம் பெற்றவனுக்குத் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருக்கு நற்செய்திப் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது. அப்படிப்பட்ட மரபில் வந்த நாம், சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையன்று எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவிட்டு, மறுநாளே வேலைக்காரருக்கென்று தனித் தம்ளரை எடுத்து வைப்பது என் மனதை மிகவும் வருத்துகிறது.

சபைகளும் இதில் விலகி நிற்க முடியாது. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிறவருக்கும், நம் பள்ளிகளின் சுயநிதிப் பிரிவுகளில் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கும் தரப்படும் சம்பளத்தைச் சபைக் கமிட்டிகள் இந்த லெந்து காலத்திலேயே எடுத்துப் பேச வேண்டும். புதிய ஆலயத்தின் பிரதிஷ்டைக்குத் தேதி குறிக்குமுன், கொத்தனார் முதல் சித்தாள் வரை ஒருவருக்கும் கூலிப் பாக்கி இல்லை என்று பொருளாளர் சபையார் முன்பாக அறிவிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தலாம். இது குறித்துப் போதகர்களின் கருத்தைத் தாங்கள் கேட்டு வெளியிட வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்,
பாளையங்கோட்டை