செயலாளர் ஆண்டறிக்கை: பழைய ஜப்பானிய அரசவையோடு ஓராண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது வரலாற்று வாசகர் வட்டம் இந்த ஆண்டு முழுவதையும் பழைய ஜப்பானின் பேரரசர் மரபையும் அரசவை வாழ்வையும் படிப்பதற்கே ஒதுக்கியது. மாதம் ஒன்றாகத் திட்டமிட்ட பன்னிரண்டு கூட்டங்களில் பதினொன்று நடந்தன. ஐப்பசி அடைமழையில் அரங்கினுள் தண்ணீர் புகுந்ததால் ஒன்று கைவிடப்பட்டது.

முதலில் என் பிழை ஒன்றைத் திருத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். இவ்வாண்டின் பொருளை அறிமுகப்படுத்திய சென்ற அறிக்கையில், முதல் பேரரசர் ஜிம்மு கி.மு. 660-இல் அரியணை ஏறினார் என்று, ஏதோ பக்கத்துத் தெருவில் நடந்த கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தவன்போல் எழுதியிருந்தேன். முதல் கூட்டத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, ‘இதை யார், எப்போது எழுதி வைத்தார்கள்?’ என்று கேட்டார். ஆண்டு முழுவதும் நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி அதுதான்.

அந்த ஆண்டுக்கணக்கைத் தருவது கி.பி. 720-இல் முடிக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்னும் அரசவை வரலாறு. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 712-இல், ‘கொஜிகி’ தொகுக்கப்பட்டது. ஜிம்முவின் ஆயுள் நிஹோன் ஷோகியில் 127, கொஜிகியில் 137. நம் பஞ்சாங்கத்தின் பிரபவ முதல் அட்சய வரையிலான வரிசையைப் போலவே சீன வழக்கிலும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. கி.பி. 601-இலிருந்து இருபத்தொரு சுழற்சிகள், அதாவது 1,260 ஆண்டுகள் பின்னோக்கி எண்ணி அரியணையேற்றத்தின் காலம் குறிக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். ஜிம்முவுக்கு அடுத்து வரும் எட்டு அரசர்களுக்கு வம்சாவளியைத் தவிர நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆயினும் பிப்ரவரி 11 இன்றும் அந்நாட்டில் நாடு பிறந்த நாளாக விடுமுறையோடு கொண்டாடப்படுகிறது. பாடல் பெற்ற தலங்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. நானும் வியந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏட்டுக்கு வெளியே முதல் உறுதியான பிடியைத் தந்தது ஓர் இரும்பு வாள். சைதாமா மாவட்டத்தின் இனாரியாமா புதைமேட்டில் 1968-இல் எடுக்கப்பட்ட அது, துருவிலிருந்து காப்பாற்றும் வேலையின்போது 1978-இல் எக்ஸ்ரே எடுக்கப்பட்டபோது, பொன்னிழையில் பதித்த 115 எழுத்துகளை வெளிப்படுத்தியது. வாளின் சொந்தக்காரர் தம் முன்னோரைப் பெயர் பெயராகச் சொல்லி, வாகதாகேரு என்னும் பேரரசனுக்குத் தாம் காவற்படைத் தலைவராக இருந்ததைக் கூறுகிறார். வாளில் குறித்துள்ள ஆண்டு கி.பி. 471 என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். நூல்கள் யூர்யாகு என்று அழைக்கும் அரசரே இந்த வாகதாகேரு. ஏடும் இரும்பும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஏடும் மண்ணும் முரண்படும் இடமே நமக்கு அதிகச் சுவையாக இருந்தது. 646-இல் வெளியிட்டதாக நிஹோன் ஷோகி எடுத்தெழுதும் தைகா சீர்திருத்த ஆணையில், ‘கோரி’ என்னும் மாவட்டப் பிரிவு ஒரு குறிப்பிட்ட சீன எழுத்தால் எழுதப்பட்டுள்ளது. அந்த எழுத்து அக்காலத்தில் வழக்கில் இருந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். ஃபுஜிவாரா தலைநகர் இருந்த இடத்தை அகழ்ந்தபோது, 699-ஆம் ஆண்டைக் குறிக்கும் மரச்சீட்டு ஒன்று 1967-இல் கிடைத்தது. இன்றைய சிபா பகுதியிலிருந்து வந்த சரக்கோடு கட்டப்பட்ட அச்சீட்டில் அதே ‘கோரி’ வேறு எழுத்தால் எழுதப்பட்டிருந்தது. ஆக, 701-ஆம் ஆண்டின் தைஹோ சட்டத்துக்குப் பிறகு வந்த எழுத்தை, அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆணைக்குள் நூலாசிரியர்கள் புகுத்திவிட்டார்கள். கூட்டக் குறிப்பை மூன்று வாரம் கழித்து எழுதி, பேசியவர் பேச நினைத்ததையும் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பழக்கமுள்ள நான் அவர்கள்மேல் கல்லெறியத் தகுதியற்றவன்.

இந்த மரச்சீட்டுகளைப் பற்றிய ஆடிமாதக் கூட்டத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். தச்சு வேலை அறிந்த உறுப்பினர் ஒருவர் ஒரு சாண் நீளத்தில், விரற்கடை அகலத்தில் பலகைத் துண்டுகளைச் சீவிக் கொண்டுவந்திருந்தார். ஒரு முனையில் இரு பக்கமும் சிறு வெட்டு. அதில் நூல் கோத்து மூட்டையோடு பிணைப்பது வழக்கம். மையால் எழுதி, பிழையென்றதும் கத்தியால் மேற்பரப்பைச் சீவினார். பாதி எழுத்தோடு சுருள் சுருளாகத் தரையில் விழுந்த சீவலைச் சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். ஜப்பானில் அகழ்ந்தெடுத்த சீட்டுகளில் பெரும்பகுதி இத்தகைய சீவல்களே என்பதை அன்று விளக்க வேண்டியே இருக்கவில்லை.

எட்டாம் நூற்றாண்டுத் தலைநகரான நாராவில் பேரங்காடி ஒன்று கட்டுவதற்குமுன் 1980களின் இறுதியில் நடந்த அகழ்வில், இளவரசர் நாகாயாவின் மாளிகையும் சுமார் 35,000 மரச்சீட்டுகளும் வெளிப்பட்டன. பனிக்கட்டி வந்த கணக்கு, பால் கொண்டுவந்தவருக்கு அளந்த அரிசி, நாய்க்கும் நாரைக்கும் படியளந்த விவரம் என்று ஒரு பெருவீட்டின் அன்றாடம் அவற்றில் இருக்கிறது. ‘நாகாயா இளவரசரின் அரண்மனைக்குக் கடற்சிப்பி, பத்துக் கட்டு’ என்னும் பொருளுள்ள சீட்டில், பேரரசரின் மகன் அல்லது உடன்பிறந்தாருக்கே உரிய பட்டத்தால் அவர் குறிக்கப்படுகிறார். நிஹோன் ஷோகிக்கு அடுத்து வந்த அரசவை வரலாறான ‘ஷோகு நிஹோங்கி’யோ ஒரு படி இறக்கியே அழைக்கிறது. சதி செய்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 729-இல் அவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவரிடம் பணிபுரிந்த ஒருவர், குற்றம் சாட்டியவரோடு ‘கோ’ என்னும் பலகை ஆட்டம் ஆடுகையில் பேச்சு முற்றி அவரை வெட்டிக் கொன்றார். அதைப் பதியும் இடத்தில் அதே அரசவை வரலாறு, கொல்லப்பட்டவரைப் பொய்க்குற்றம் சாட்டியவர் என்று எழுதுகிறது. ஆண்டுக் கடைசியில் என்னிடம் கேட்டால், இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவும் படித்தது தகும் என்பேன்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் வந்தது. அரங்கு நிரம்பியது அன்றுதான். 736-இல் ஜப்பான் சேர்ந்த போதிசேனர் என்னும் துறவியே, 752-இல் நாராவின் தோதாய்ஜி கோயிலில் பெரும் புத்தருக்குக் கண் திறந்தவர். பதவி விலகியிருந்த பேரரசர் ஷோமு உடல்நலம் குன்றியிருந்ததால் அப்பணி இவரிடம் வந்தது. தூரிகையோடு கட்டிய ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள நீலப் பட்டுக் கயிற்றைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் உள்ளன; எரியுண்ட சிலையைப் புதுப்பித்தபோது, 1185-இல், ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிராகாவா அதே தூரிகையைக் கையிலெடுத்தார். 756-இல் அக்கோயிலுக்கு அளித்த அறுபது மருந்துகளின் பட்டியலில் மிளகும் திப்பிலியும் இருப்பது கேட்டு அரங்கில் சிறு ஆரவாரம் எழுந்தது. போதிசேனரின் ஊரையும் மொழியையும் சேர்த்தே குறிப்பில் எழுத வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். பழைய ஆவணம் ‘தென்னிந்தியப் பிராமணர்’ என்று சொல்லும் அளவோடு நிறுத்திக்கொண்டேன். அதில் மனவருத்தம் உள்ளவர்கள் இன்று பேசலாம்.

592 முதல் 770 வரை ஆறு பெண்கள் எட்டு முறை அரியணையில் இருந்தனர் என்பதற்கு ஒரு கூட்டம் போதவில்லை. வரும் ஆண்டில் தொடர்வோம்.

நாராவுக்குப் பின் தலைநகரான ஹெயானின் (இன்றைய கியோட்டோ) அரசவைக்கு இரண்டே கூட்டங்கள் கொடுத்தது குறை என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். ‘கெஞ்சியின் கதை’யை எழுதிய அரசவைப் பெண் முராசாகி ஷிகிபுவுக்காகவே உறுப்பினரானவர்கள் உண்டு. அவருடைய இயற்பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ‘ஷிகிபு’ என்பது தந்தை பணியாற்றிய துறையின் பெயர். அவரது நாட்குறிப்பில் வரும் ஒரு காட்சியை வாசித்தோம். அடுக்காடையில் கைப்பக்க நிறச் சேர்க்கை சற்றே பிசகிவிட்ட ஒரு பெண், எல்லார் பார்வையும் படும்படி முன்னே போய் வர நேர்கிறது. ஒரு நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவே என்று முராசாகி அவளுக்குப் பரிந்து எழுதுகிறார்; எழுதியதனால் ஆயிரம் ஆண்டுகள் கடந்து நாமும் அந்தக் கையைப் பார்க்கிறோம்.

அவர் காலத்து அதிகாரத்தின் உச்சி ஃபுஜிவாரா நோ மிச்சிநாகா. 1018-இல் மூன்றாம் மகளும் பேரரசியான விருந்தில், ‘இவ்வுலகம் என் உலகமே; முழுநிலவில் குறையேதும் இல்லை’ என்னும் கருத்தில் அவர் பாடினார். அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் 14 சுருள்கள் எஞ்சியுள்ளன. 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. ஆனால் அன்றைய நாளில் அவர் எழுதியது, தாம் ஒரு பாடல் சொன்னதாகவும் மற்றவர்கள் அதைப் பாடியதாகவும் மட்டுமே. பாடலை வரி பிசகாமல் காத்தவர், பதிற்பாடல் சொல்ல மறுத்துவிட்டு, எல்லோருமாக அதையே சேர்ந்து பாடலாம் என்று நழுவிய அரசவை உயர் அதிகாரி சனேசுகே. மிச்சிநாகாவைக் கடிந்து தம் நாட்குறிப்பில் ஓயாமல் எழுதியவரும் அவரே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அரங்கின் ஈரம் பட்ட நூல்களில் பெரும்பாலானவற்றை வெயிலில் உலர்த்தி மீட்ட இளைஞர்களுக்கும், தேநீர்ப் பொறுப்பை ஆண்டு முழுவதும் ஏற்ற சகோதரிகளுக்கும் நன்றி. இந்த அறிக்கையில் திருத்தம் உள்ளவர்கள் தேதியிட்டு, கையொப்பத்துடன் எழுத்தில் தருமாறும், பொதுக்குழு இதை ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

செயலாளர்