நம்பியாரின் மாலை இருக்கட்டும், சாட்டையைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.என். நம்பியார் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் சபரிமலைக்கே போய்விட்டது. திரையில் கொடூர வில்லன், வீட்டில் சாமியார், அசைவம் கிடையாது, மகாகுருசாமி. எல்லாம் உண்மைதான், யார் இல்லை என்றது? 2008 நவம்பரில் அவர் காலமானபோதும் இதையேதான் திருப்பித் திருப்பி எழுதினார்கள். நடுவில் அந்த மனிதர் கொஞ்சம் நடிக்கவும் செய்தார், ஐயா.

'எங்க வீட்டுப் பிள்ளை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் வந்த படம், 'நான் ஆணையிட்டால்' வந்தால் இன்றைக்கும் ஜனம் எம்.ஜி.ஆரைத்தான் பார்க்கும். நான் ஒருமுறை டிவியில் அந்தப் பாட்டு முழுக்க நம்பியாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை பயந்தாங்கொள்ளி மைத்துனனைச் சாட்டையால் அடித்து, வீட்டையே அதட்டி வைத்திருந்த ஆள், சாட்டை கை மாறியதும் ஒரே பாட்டுக்குள் கூனிக் குறுகிப் போகிறார். முன்பாதியில் அவர் மேல் நமக்கு அத்தனை ஆத்திரம் ஏறியிருக்காவிட்டால் அந்தப் பாட்டுக்கு யார் விசில் அடித்திருப்பார்கள்? அந்தக் கைதட்டலில் நம்பியாருக்கும் பங்கு உண்டு, யாரும் அதைக் கொடுப்பதில்லை.

மிமிக்ரி செய்கிறவர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கையைப் பிசைந்து, கண்ணை உருட்டி, ஒரு உறுமல் உறுமினால் நம்பியார் முடிந்தார். 'திகம்பர சாமியார்' (1950) பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் படம், அதில் அவருக்குப் பதினொரு வேடம், வில்லனும் இல்லை, துப்பறிகிற நாயகன்! 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் (1963) நூறு வயது தாண்டிய கிழவராகவும் வருவார், என் அக்கா அந்த முகத்தை நினைத்து ராத்திரியில் கொல்லைப்புறம் போகப் பயந்தவள். அப்புறம் 1982இல் 'தூறல் நின்னு போச்சு', பாக்யராஜுக்குக் குஸ்தி வாத்தியாராக வந்து சிரிக்க வைத்தார். சரி, இதில் எதையாவது கட்டுரையாளர் இரண்டு வரிக்கு மேல் தொட்டாரா?

இன்னொன்று. சபரிமலையைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அந்தப் பக்திக்கும் நாடகத்துக்கும் இருந்த தொடர்பை விட்டுவிட்டார். கண்ணூர்ப் பக்கம் பிறந்த நம்பியார் சிறுவயதிலேயே சேர்ந்தது நவாப் ராஜமாணிக்கத்தின் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கிற நாடகக் குழுவில். நவாப்பே பெரிய ஐயப்ப பக்தர், ஐயப்பன் கதையை நாடகமாகப் போட்டவர். ஆக இவருக்கு மலையும் மேடையும் ஒரே வாத்தியாரிடமிருந்து வந்தவை. மலையாளம் பேசும் ஊரில் பிறந்தும், வசனத்தைக் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கொண்டுபோகிற அந்தத் தமிழ் அங்கே பழகியதாகத்தான் இருக்க வேண்டும், அப்போது மைக் ஏது?

அடுத்து இன்னொரு பழைய வில்லன் நடிகர் பி.எஸ். வீரப்பா பற்றியும் கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சந்தோஷம். தயவுசெய்து அவருடைய அந்தப் பிரபலமான வில்லச் சிரிப்பை முதல் பத்தியிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோவில்பட்டி