மவுஸை மாற்றினால் குறி திருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டை (இ-ஸ்போர்ட்ஸ்) பணம் வைத்து ஆடுவதிலிருந்து பிரித்து, போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டுகளில் நம் பிள்ளைகள் எவ்வாறு பயிற்சி செய்கிறார்கள் என்பது பற்றிய பேச்சு நாளிதழ்களில் அரிதாகவே வருகிறது. பல ஆண்டுகளாகக் கவுண்டர்-ஸ்டிரைக் என்ற அத்தகைய விளையாட்டை ஆடிவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆட்டம் தோற்றவுடன் மவுஸின் சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸை நகர்த்தினால் திரையில் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அமைப்பை, மாற்றுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. கவுண்டர்-ஸ்டிரைக்கில், 800 டிபிஐ (ஓர் அங்குல நகர்வை மவுஸ் எத்தனை புள்ளிகளாக உணர்கிறது என்ற அளவு) உள்ள மவுஸில் சென்சிட்டிவிட்டி 1 என வைத்தால், ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும்; 2 என வைத்தால் 26 போதும். எது சிறந்தது என்பதைவிட, ஒன்றிலேயே நிலைத்திருப்பது முக்கியம். நாளுக்கொரு படியால் அரிசி அளக்கும் கடைக்காரருக்குக் கை அளவு எப்படிப் பிடிபடும்? விண்டோஸில் உள்ள மவுஸ் வேக முடுக்கத்தையும் அணைத்துவிட வேண்டும். அதை ஏற்கும் விளையாட்டுகளில், அதே தூரம் நகர்த்தினாலும் கையின் வேகத்துக்கு ஏற்பத் திரும்பும் கோணம் மாறிவிடும்.

அடுத்தது, கோவாக்ஸ், ஏம் லேப் போன்ற குறிபார்க்கும் பயிற்சி மென்பொருள்கள். அவற்றைக் குறைகூற மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஓடும் இலக்கை விடாமல் பின்தொடரும் பயிற்சி, எதிரி வீழப் பல தோட்டாக்கள் தேவைப்படும் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஓவர்வாட்ச் போன்றவற்றுக்கே பெரிதும் உதவும். கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஏகே-47இன் ஒரே தோட்டா தலையில் பட்டால், ஹெல்மெட் அணிந்திருந்தாலும் கதை முடிந்தது. அங்கே வெல்பவர் வேகமாக மவுஸை வீசுபவர் அல்லர். எதிரி தலைகாட்டக்கூடிய இடத்தில், தலை உயரத்தில், முன்கூட்டியே கிராஸ்ஹேரை (திரை நடுவில் உள்ள குறிபார்க்கும் அடையாளத்தை) நிறுத்தி வைத்திருப்பவரே. இந்தப் பழக்கம் பயிற்சி மென்பொருளில் உருண்டைகளைச் சுட்டு வருவதன்று, ஆட்டக்களத்தின் ஒவ்வொரு முனையையும் மெதுவாக நடந்து பார்த்தே வரும். ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா சிதறும் என்பதால், விசைப்பலகையில் எதிர்த்திசைக்கான விசையைத் தட்டி நின்று, அந்தக் கணத்தில் சுடவும் பழக வேண்டும். குறி தப்பியதாக நாம் நினைக்கும் பல தருணங்களில் உண்மையில் கால்தான் நின்றிருக்காது. ஏகே-47 தொடர்ந்து சுடும்போது எழும் உதைப்பு ஏறத்தாழ ஒரே வடிவில் வருவதால், சுவரைப் பார்த்து 30 தோட்டாக்களையும் சுட்டு அதையும் கைக்குப் பழக்கலாம்.

கைபேசியில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஆடுவோருக்கு இவற்றில் பாதி பொருந்தாது. கட்டைவிரலும், கைபேசியின் சாய்வை உணரும் கைரோஸ்கோப்பும் வேறு கலை. கணினி வீரர்களின் காணொளிகளைப் பார்த்து அவர்களின் சென்சிட்டிவிட்டி எண்களை அப்படியே கைபேசியில் நகலெடுப்பது வீண்வேலை.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மின்விளையாட்டுப் பரிசுத் தொகைகளுடன் இத்தகைய பயிற்சி விவரங்களும் இடம்பெற்றால், விலையுயர்ந்த மவுஸ் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது பெற்றோருக்குத் தெரியவரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை