மழை நாளில் கரிப் புகையடுப்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஸ்மோக்கர் என்பது, மூடிக்குள் கரியைக் கனலவிட்டு அதன் சூட்டிலும் புகையிலும் கறியை வேகவைக்கும் அடுப்பு. ஐப்பசி பிறந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஏழெட்டுப் பேர் ஒரே கேள்வியோடு கடைக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டீர்கள். “தீபாவளிக்கு ஆட்டுத் தொடையைப் புகையில் வேகவைக்கலாம் என்றிருந்தோம், மழை விடாது போலிருக்கிறதே! ஸ்மோக்கரை மொட்டை மாடிப் படிக்கட்டு அறைக்குள் தள்ளி வைத்துக்கொள்ளலாமா?”

கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கார் ஷெட்டிலும், மூன்று பக்கம் சுவர் உள்ள போர்டிகோவிலும், கண்ணாடி போட்ட பால்கனியிலும் கூடாது. இந்த மடலை எழுதத் தூண்டியதே இந்த ஒரு கேள்விதான்.

கரி நன்றாகக் கனன்ற பிறகு அதில் புகையே தெரியாது. கண் எரியாது, வாடையும் வராது. அதனால்தான் ஆபத்து அடங்கிவிட்டதென்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கரி கனன்றுகொண்டிருக்கும்வரை கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அது நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். மழையில் நனைந்த களைப்பு என்று எண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் விடியும்போது உயிரோடு இல்லை என்ற செய்திகளை மலைப்பகுதிகளிலிருந்து நீங்களும் படித்திருப்பீர்கள். யாருக்காவது அப்படித் தலை சுற்றினால் உடனே திறந்தவெளிக்குக் கூட்டிவந்து 108-ஐ அழையுங்கள்.

அப்படியானால் மழையில் சமைக்கவே முடியாதா? தூறலிலும் மிதமான மழையிலும் தாராளமாகச் சமைக்கலாம். நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை இருந்தால் போதும். கூரை ஆள் உயரத்தைவிட நன்றாக மேலே இருக்கட்டும். தார்ப்பாய், கீற்று, நைலான் குடை ஆகிய மூன்றும் வேண்டாம். காற்றில் ஒரு தார்ப்பாய் முனை அவிழ்ந்து சூடான மூடியில் ஒட்டி உருகியதை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அன்று பக்கத்தில் ஆள் இருந்தார்.

இனி சூடு. வெயில் நாளில் 120 டிகிரி செல்சியஸில் நிற்கும் வெப்பமானி முள், மழை வலுத்ததும் 95-க்கு இறங்கிவிடும். மூடியில் விழும் ஒவ்வொரு துளியும் ‘சுர்’ரென்று ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கணக்கு போட்டுப் பார்த்தேன். மணிக்கு 10 மில்லிமீட்டர் மழை என்றால், 47 சென்டிமீட்டர் அகல மூடியின் மேல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1.7 லிட்டர் தண்ணீர் விழுகிறது. பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். ஆனால் ஆவியாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் குறைந்தது 90 கிராம் கரியின் சூடு வீணாகிறது. ஆகவே வழக்கத்தைவிடக் கால் பங்கு கரியைக் கூடுதலாகப் போடுங்கள். உள்ளே தண்ணீர்த் தட்டு வைக்கும் வகை என்றால் கொதித்த நீரையே ஊற்றுங்கள். நான்கு மணி நேரத்தில் வேகும் தொடைக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். மூடியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மழை உள்ளே இறங்குகிறதே என்று, புகை வெளியேறும் மேல் துளையை முழுவதும் மூடிவிடாதீர்கள். வெளியேற வழியில்லாத புகை கறியில் படிந்து கசக்கும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும், காற்று நுழையும் கீழ்த் துளையே போதும். வடகிழக்குப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிப்பதால், கீழ்த் துளை அதற்கு முதுகு காட்டி நிற்கட்டும்.

கரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் விற்பது ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்கரி. மழைக்காலத்தில் அங்கே மூட்டம் போடுவது (விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்குவது) கடினம் என்பதால் வரத்து குறையும். வருகிற கரியும் ஈரம் ஏறி வரும். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த கரி ‘கிணிங்’ என்று ஓசை தரும். ஈரக்கரி ‘தொப்’ என்று செத்த ஓசைதான் தரும். எங்களிடம் வாங்கியதே அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். வீட்டில் சாக்கோடு தரையில் போடாமல் மூடியுள்ள டின்னில் வையுங்கள். ஈரக்கரி பற்றவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், கறி முழுவதும் அந்த வாடைதான் அடிக்கும். காய்ந்த தேங்காய் நாரும் இரண்டு கொட்டாங்கச்சியும் அதைவிட நன்றாக மூட்டிக் கொடுக்கும்.

சென்ற கார்த்திகையில் ஒருவர் ஆறு மாதம்கூட ஆகாத ஸ்மோக்கரைக் கொண்டுவந்தார். சாம்பலை அள்ளாமல் மழையில் விட்டிருக்கிறார். கீழ்த் துளையைத் திறந்து மூடும் தகடு சிமெண்டு பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. உளியால் தட்டி எடுத்தபோது அடியில் தகடு பொரிந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஈரச் சாம்பல் ஒட்டிக் கிடந்தால் இரும்பு துருப்பிடித்து அரித்துப்போகும். சமைத்து முடித்ததும் எல்லாத் துளைகளையும் மூடிக் கரியை அணையவிடுங்கள். மறுநாள், நன்றாக ஆறியபின், சாம்பலை அள்ளிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைப் போட்டுத் துளைகளை அடைத்தால் போதும்.

இடி இடித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். கறி வீணாகிவிடும் என்ற கவலை வேண்டாம். புகை மணம் முதல் இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பாலும் ஏறிவிடும். இடியும் மழையும் ஓய்ந்ததும் கறியை மட்டும் கீழே கொண்டுவந்து, அலுமினியத் தாளில் சுற்றி, ஓவனிலோ குக்கரிலோ வேகவைத்து முடிக்கலாம். கோழி என்றால் உள்சூடு 74 டிகிரி வந்ததா என்று பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள். எங்கள் வீட்டில் தீபாவளித் தொடை இப்படித்தான் வேகிறது. பிள்ளைகள் ஒருபோதும் வித்தியாசம் கண்டதில்லை.

திறந்த இடம் இல்லாத வீட்டுக்கு ஸ்மோக்கர் கேட்டு வருபவர்களிடம் இந்த மழைக்காலத்தில் விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஏற்கெனவே வாங்கியவர்கள், கார்த்திகை முடியும்வரை எந்த நாளிலும் கீழ்த் துளைத் தகட்டைக் கழற்றிக் கொண்டுவரலாம். கட்டணமின்றிச் சுத்தம் செய்து எண்ணெய் தடவித் தருகிறோம். முழு அடுப்பையும் தூக்கி வர வேண்டியதில்லை.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
சென்னை