வாசகர் வட்ட ஆண்டறிக்கை: சிறுவர் பிரிவு

தலைவர், அங்கத்தவர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கை பெரும்பாலும் சிறுவர் பாட்டுப் படப்புத்தகம் ஒன்றைப் பற்றியது. 'நான் யார், என் பெறுமதி என்ன' என்பதே அதன் பொருள்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் வாசித்தோம். இருப்பது ஒரே பிரதி. வட்டத்துக்கு 12 பிள்ளைகளைத் தாண்டினால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் தெரியாது. படத்தை மறைத்துப் பாட்டை இரண்டு தரம் வாசித்த பிறகே பக்கத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால் பிள்ளைகள் படத்திலுள்ள பூக்களை எண்ணத் தொடங்குவார்கள், பாட்டு காதில் ஏறாது.

வாசித்து முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்பது, 'உன் முழுப்பேர் என்ன?' இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர் என்றுதான் வீட்டில் பேச்சு. சம்பளப் பேருக்கும் தன் பேருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

பிள்ளைகள் தங்கள் பேரை வைத்துக் கட்டும் பேர்ப்பாட்டில் முதலில் பிழைவிட்டோம். பேரின் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி தொடங்கச் சொன்னோம். ஆங்கிலத்துக்குச் சரிவரும். தமிழில் மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வரா. கண்ணன், யாழினி போன்ற பேர்கள் இரண்டாம் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு நாலு வரியையும் பேரின் முதலெழுத்து வரிசையிலேயே தொடங்க வைத்தோம்: மலை, மழை, மிளகாய், முருங்கை. மோனை தானாக வந்தது. ஜ, ஷ என்று தொடங்கும் பேர்களுக்குச் சொல் தட்டுப்பாடு, அவற்றுக்கு எதுகை. ஜனனிக்கு மனம், தினம், கனவு, பனி.

தன் முகம் வரைவதில் சிக்கல் பாஸ்டல் பெட்டியில்தான். 12 நிறத்தில் மண்ணிறம் ஒன்றே. அதற்குக் காத்திருக்க முடியாத பிள்ளை ரோஸை எடுத்துவிடும். வெளிர் ரோஸைத் 'தோல் நிறம்' என்று பெரியவர்களே சொல்வது அதைவிட மோசம், தயவுசெய்து நிறுத்துங்கள். செம்மஞ்சளை அடியில் மெல்லப் பூசி, மேலே மண்ணிறம் தேய்த்தால் பல நிறங்கள் வரும். அழுத்தித் தேய்த்தால் சேறாகிவிடும்.

இரவல் கொண்டுபோவோர் கவனத்துக்கு: மழை மாதங்களில் பளபளப்பான தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலே வைத்தால் புகை படியும். துணியில் சுற்றி, சுவரில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். கிழிந்தால் செலோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகும். மெல்லிய தாளும் மாப்பசையும் போதும்.

வரும் ஆண்டில் இரண்டாவது பிரதி வாங்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன். பாஸ்டல் தர விரும்புவோர் பெட்டியாக அல்ல, மண்ணிறத்தைத் தனிக்குச்சிகளாகத் தாருங்கள்.

செயலாளர்