வெள்ளம் வடிந்த பிறகு மட்டும் ஒன்றுசேர்ந்தால் போதுமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரத்துக் கோயில், சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்), தேவாலயம், சீனர் கோயில் நிர்வாகத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. அந்த நாட்களில் பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சீக்கியரோடு மற்றவர்களும் சேர்ந்து சமைத்துப் பொட்டலம் கட்டினார்கள். சைவச் சாப்பாடு, யாருக்கும் தயக்கமில்லை. சோறு போடுவதில் நமக்குள் மதம் குறுக்கே வருவதே இல்லை.

சரி, தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் நாமெல்லாம் எங்கே போயிருந்தோம்?

கோல லங்காட் வடக்கு வனக்காப்பகம் நமக்கு எட்டாத தூரமில்லை. அது சதுப்புக் காடு. இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த மண், மழைநீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கால்வாய் வெட்டி வடித்துவிட்டால் காய்ந்து அமுங்கும். தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைக்கு இந்து மூக்கு, முஸ்லிம் மூக்கு தெரியாது. 2020 பிப்ரவரியில் இந்தக் காட்டைப் பாதுகாக்கப்பட்ட காடுகளின் பட்டியலிலிருந்து நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அங்கே வாழும் தெமுவான் பூர்வகுடிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். அப்படியும் 2021இல் 500 ஹெக்டேருக்கு மேல் நீக்கப்பட்டது. கண்டனம் வலுத்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது. கேட்டால் நடக்கிறது. அந்த ஆட்சேபக் கடிதங்களில் நம்முடைய வழிபாட்டுத் தலங்களின் முத்திரை எத்தனை இருந்திருக்கும்?

அப்புறம் வெயில். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் காலையில் பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நின்ற இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துச் செம்பனை (பாமாயில் மரம்) குலையை அறுக்கிறார்கள். வெட்டிய அளவுக்குத்தான் கூலி என்றால், நிழலில் சற்று உட்கார்ந்தாலும் காசு குறையும். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி அடித்தால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை நம் கைப்பேசிக்கு வருகிறது. குலைக்கணக்கு அப்படியே இருக்கிறது. இந்தச் சூட்டுக்குக் குறைந்த காரணமானவர்கள் இவர்கள்தான். வேலை பெர்மிட் முதலாளி கையில் இருக்கும்போது வாய் திறந்து கேட்கவும் முடியாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டும்.

2015இல் போப் பிரான்சிஸ் பருவநிலை பற்றித் திருமடல் எழுதினார். அதே ஆண்டு இஸ்தான்புல்லில் முஸ்லிம் அறிஞர்கள் பிரகடனம் வெளியிட்டார்கள். நல்லது. நம் ஊர் அறிவிப்புப் பலகையில் இரண்டையும் நான் பார்த்ததில்லை. அன்னதானத்தில் பிளாஸ்டிக் தட்டை நிறுத்துங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள்; நிறுத்துங்கள், ஆனால் அதோடு கடமை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

நான் கேட்பது இதுதான். எச்சரிக்கை நாட்களில் பெரட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளவும், உச்சிவெயிலில் கூலி குறையாமல் ஓய்வு தரவும் தோட்ட நிர்வாகங்களுக்கு நால்வரும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். சிலாங்கூரில் காட்டைப் பட்டியலிலிருந்து நீக்கும் முன் பொது விசாரணை நடத்தச் சட்டம் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வந்தால் தெமுவான் மக்களிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர்களோடு போய் உட்காருங்கள். கடிதத்தை மலாயில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். கையெழுத்தும் முத்திரையும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பந்திங் தோட்டப்புறவாசி ஒருவர்